தண்ணீரைப் பீச்சினால் பட்டை கழன்றுவிடுமா?

கேள்வி: ‘‘நாலு ஏக்கரில் தைலமரம் இருக்கிறது. நட்டு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. வெட்டலாம் என்றால் பட்டை உரிக்க ஆள் கிடைக்கவில்லை. பட்டையோடு கொடுத்தால் வியாபாரி விலையைக் குறைக்கிறார். வெளிநாட்டில் தண்ணீரைப் பீச்சியே மரப்பட்டையை உரிக்கும் எந்திரத்தை என் மகன் செல்போனில் காட்டினான். வண்டி கழுவும் இடத்தில் இருக்கும் பிரஷர் பம்பை வாங்கி அதே வேலையைச் செய்ய முடியுமா? கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.’’

- வாசகர், அரியலூர் மாவட்டம்

பதில்: தண்ணீரைப் பீச்சிப் பட்டையை உரிக்க முடியும். அந்த எந்திரம் பல ஆண்டுகள் பெரிய ஆலைகளில் ஓடியிருக்கிறது. ஆனால், நாலு ஏக்கர் தைலமரத்துக்காக பிரஷர் பம்ப் வாங்கக் கடன் வாங்க வேண்டாம். அது ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், செலவில்லாமல் பட்டையைச் சுலபமாகக் கழற்றும் வழியும் அதிலேயே கிடைக்கும்.

எங்கே பிறந்தது இந்த எந்திரம்?

அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களும், அவற்றுக்கு வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் பசிபிக் கடலோரத்தில் இருக்கின்றன. மழை அதிகம், ஆறுகள் அதிகம். டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சீடர் போன்ற மரங்கள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்து நின்ற காடுகள் அங்கே இருந்தன. ஒரு மரத்தின் அடிக்கட்டை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் குறுக்களவு இருப்பது சாதாரணம். பட்டையும் அதற்கேற்ற கனத்தில் இருக்கும்.

இப்படிப்பட்ட கட்டையைக் கையால் உரிப்பது முடியாத காரியம். கத்தி வைத்த எந்திரத்தில் கொடுத்தால் பட்டையோடு நல்ல மரமும் சேர்ந்து சீவப்பட்டு வீணானது. மரம் அறுக்கும் ஆலைகளில் இன்னொரு நஷ்டம். கட்டையைப் பலகையாக அறுக்கும்போது ஓரத்தில் விழும் துண்டுகளில் பட்டை ஒட்டியிருக்கும். பட்டை இருப்பதால் காகித ஆலை அதை வாங்காது. கூம்பு வடிவ உலைகளில் போட்டு எரித்துத் தீர்த்தார்கள்.

1940-களில் அந்தப் பகுதி ஆலைகள் தண்ணீரைப் பீச்சும் எந்திரங்களைப் பொருத்த ஆரம்பித்தன. மரம் வீணாவது குறைந்தது. அறுப்பதற்கு முன்பே கட்டையை உரித்துவிட்டதால், ஓரத்துண்டுகளும் சில்லுகளாக வெட்டப்பட்டு காகிதக்கூழுக்குப் போயின. அதுவரை நெருப்பில் போட்டது காசானது. இந்த லாபம்தான் அந்த எந்திரத்தை வளர்த்தது.

எப்படி வேலை செய்கிறது?

செல்போனில் பார்க்கும்போது வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். ஆனால், அந்தத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 முதல் 100 கிலோ வரையிலான அழுத்தத்தில் சிறிய நாசில் வழியாக வெளியே வருகிறது. நாம் மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர் பெரும்பாலும் 20 முதல் 40 கிலோ அழுத்தத்தில் ஓடும். ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் வேகம் புரியும்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், கட்டையை உருளைகள் மேல் வைத்துச் சுழலவிடுவார்கள். நாசில் கட்டையின் நீளத்துக்கு முன்னும் பின்னும் போய்வரும். இன்னொன்றில், வளையம் போன்ற சட்டத்தில் சுற்றிலும் நாசில்கள் இருக்கும். கட்டை அதன் நடுவே நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். எந்திரத்தை இயக்குபவர் தடித்த கண்ணாடி போட்ட அறைக்குள் உட்கார்ந்திருப்பார்.

தண்ணீர் முதலில் பட்டையைக் கிழித்து உள்ளே போகிறது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வழவழப்பான ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. காம்பியம் என்பது அதுதான். மரம் பருப்பதற்கான புதிய திசுக்கள் அங்கேதான் உருவாகின்றன. பட்டையும் மரமும் சேரும் இடங்களில் பலம் குறைந்த இடம் அது. தண்ணீர் அந்தப் படலத்தைப் பிளந்து, பட்டையை அடியிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. கத்தி வெட்டுவது போல மரத்தை வெட்டுவதில்லை என்பதால்தான் நல்ல மரம் சேதமாகாமல் தப்புகிறது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டையைக் கழற்றுவது என்றாலே அந்தப் படலத்தை விடுவிப்பதுதான். தண்ணீரோ, கத்தியோ, எந்திரமோ, எல்லாம் அதற்கான கருவிகள்.

ஏன் பின்வாங்கினார்கள்?

இவ்வளவு நன்றாக ஓடிய எந்திரம் ஏன் பின்னுக்குப் போனது? காரணம் தண்ணீரேதான்.

உரித்த பட்டையெல்லாம் தண்ணீரோடு கலந்து ஓடியது. பட்டையில் இருக்கும் டானின் முதலிய சத்துகள் கரைந்து தண்ணீர் கறுத்தது. தூளும் துண்டும் ஆற்றின் அடியில் படிந்து அழுகும்போது, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன்கள் வாழ முடியாது. அந்தக் கடலோர ஆறுகள் சால்மன் மீன் முட்டையிட வந்துபோகும் ஆறுகள். 1972-ல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதன்பிறகு கழிவுநீரை அப்படியே ஆற்றில் விட முடியாமல் போனது. சுத்திகரிக்கத் தனிச் செலவு ஏற்பட்டது.

அடுத்த நஷ்டம் எரிபொருளில். பட்டை, ஆலையின் கொதிகலனுக்கு நல்ல விறகு. ஆனால், தண்ணீரில் ஊறிய பட்டை சரியாக எரியாது. அதைப் பிழிவதற்குத் தனியாக ஓர் எந்திரம் வைக்க வேண்டியிருந்தது. தண்ணீரால் கழற்றிவிட்டு, அதே தண்ணீரை வெளியேற்ற மறுபடியும் செலவு செய்தார்கள்.

இதற்கிடையில் பெரிய மரங்கள் குறைந்து, ஆலைக்கு வரும் கட்டைகள் சிறுத்துப்போயின. சிறிய கட்டைக்கு வேறு எந்திரங்கள் வந்துவிட்டன. 1950-களில் சுவீடனில் வந்த ‘காம்பியோ’ அவற்றில் ஒன்று. சுழலும் வளையத்தில் மழுங்கிய முனை கொண்ட உலோகக் கரங்கள் கட்டையை அழுத்தியபடி சுற்றிவரும். பட்டை சுரண்டப்பட்டு விழும். காம்பியம் என்ற சொல்லிலிருந்துதான் அந்த எந்திரத்துக்கே பெயர் வந்தது. இன்னொரு வகை, பெரிய இரும்பு உருளை. நூற்றுக்கணக்கான கட்டைகளை உள்ளே போட்டுச் சுழற்றினால், ஒன்றோடொன்று உராய்ந்து பட்டை கழன்று, உருளையில் உள்ள இடைவெளி வழியாக விழும். ஆரம்பத்தில் இந்த உருளைகளிலும் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டினார்கள். பின்னாளில் பின்லாந்து, சுவீடன் ஆலைகள் உலர் முறைக்கு மாறின. குளிர்காலத்தில் பட்டை உறைந்து ஒட்டிக்கொள்ளும்போது, பனியை இளக்க மட்டும் வெந்நீரோ நீராவியோ பயன்படுகிறது.

ஆக, ஆறு பக்கத்திலேயே ஓடும் ஊர்களில் இருந்த பெரிய ஆலைகளே தண்ணீர்ச் செலவையும் கழிவையும் தாங்க முடியாமல் முறையை மாற்றின.

பிரஷர் பம்பை வைத்து முயன்றால் என்ன ஆகும்?

வாசகர் கேட்ட பிரஷர் பம்புக்கு வருவோம். வண்டி கழுவும் பம்பிலும் 100 கிலோ அழுத்தம் வரும். அழுத்தத்தைப் பார்த்தால் ஆலை எந்திரத்துக்குச் சமம்தான். அளவில்தான் வித்தியாசம். வண்டி கழுவும் பம்ப் நிமிடத்துக்கு சுமார் 10 லிட்டர் தண்ணீர் தள்ளும். ஆலை எந்திரமோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 3,000 லிட்டர் தண்ணீரை 90 கிலோ அழுத்தத்தில் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தண்ணீருக்குக் கொடுக்க வேண்டிய சக்தி மட்டுமே ஏறக்குறைய 590 ஹெச்.பி. பம்ப், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் ஒரு நல்ல போர்வெல்லை 15 மணி நேரம் ஓட்டினால்தான் அந்த ஒரு மணி நேரத் தேவைக்கான தண்ணீர் சேரும்.

சிறிய பிரஷர் பம்பால் ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல முடியாது. குளிர்நாடுகளில் மரவீடு கட்டுபவர்கள் சிலர், வசந்த காலத்தில் வெட்டிய பச்சைக் கட்டையை இப்படி உரிப்பது உண்டு. ஒரு வீட்டுக்கு வேண்டிய சில கட்டைகளுக்கு அது சரி. ஓர் ஏக்கரில் ஆயிரத்துக்கு மேல் நிற்கும் தைலமரங்களுக்கு, ஒவ்வொரு கட்டையாகப் பம்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் மருந்துக்கும் உரத்துக்கும் வைத்த பணம் டீசலுக்குப் போய்விடும். அதோடு, தைலமரப் பட்டை பச்சையாக இருக்கும்போது நீளநீளமாக நார் போலக் கிழியும். தெறித்து விழாது. தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் கோடு விழுந்து, பட்டை தொங்கிக்கொண்டு நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. 100 கிலோ அழுத்தத்தில் வரும் தண்ணீர், தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே தசையும் நரம்பும் கெட்டுப்போயிருக்கும், அழுக்கும் போயிருக்கும். அப்படிப் பட்டுவிட்டால், ‘சின்னக் காயம்தானே’ என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், பிரஷர் தண்ணீர் பட்டது என்று சொல்ல வேண்டும். விரலையே இழக்க வைக்கும் காயம் அது. ஒருவர் கட்டையைப் பிடிக்க, இன்னொருவர் பீச்சும் வேலையை யாரும் முயன்று பார்க்கவே வேண்டாம்.

மரத்துக்குள்ளேயே இருக்கும் தண்ணீர்

அப்படியானால் வழி என்ன? பட்டையைக் கழற்றும் தண்ணீர் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. அது காய்வதற்குள் வேலையை முடிப்பதுதான் வழி.

மரம் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது காம்பியம் ஈரமாக, வழவழப்பாக இருக்கும். அந்த நேரத்தில் வெட்டி உடனே உரித்தால், அரிவாள் முனையால் ஒரு கீறல் போட்டு நெம்பினாலே பட்டை பாளை உரிவது போல வந்துவிடும். வெட்டிப் போட்டு நாள் ஆக ஆக அந்தப் படலம் காய்ந்து, பட்டையும் மரமும் ஒன்றாக இறுகிவிடும். அதன்பிறகு உரிப்பது இல்லை, செதுக்குவதுதான். ஒரே ஆள், ஒரே அரிவாள், ஆனால் வேலை பல மடங்கு. ‘பட்டை உரிக்க ஆள் வருவதில்லை’ என்பதற்குப் பல இடங்களில் இதுவும் ஒரு காரணம். வெட்டுகிற ஆள் ஒரு வாரம் முன்னால் வெட்டிவிட்டுப் போயிருப்பார். உரிக்க வருகிறவருக்குக் காய்ந்த கட்டைதான் கிடைக்கும். அவர் கூலி அதிகம் கேட்பதில் தப்பில்லை.

பிரேசில் நாட்டில் பல லட்சம் ஏக்கரில் தைலமரம் வளர்க்கும் பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மரத்தை வெட்டும் எந்திரத்தின் கையிலேயே உருளைகளும் கத்திகளும் இருக்கின்றன. வெட்டிய மரத்தை அது கீழே போடுவதற்கு முன்பே, முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பட்டையை உரித்துவிடுகிறது. வெட்டிய சில நிமிடங்களில் பட்டை போய்விடும். தண்ணீர் ஒரு சொட்டு கூடத் தேவையில்லை. பல கோடி ரூபாய் எந்திரம் செய்யும் அந்த வேலையின் சூட்சுமம், பச்சையாக இருக்கும்போதே உரிப்பதுதான். நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அது எட்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை:

வெட்டும் தேதியை முடிவு செய்வதற்கு முன், தோட்டத்தில் நாலைந்து இடங்களில் வெட்டப்போகும் மரம் ஒன்றில் கத்தியால் உள்ளங்கை அளவுக்குக் கீறி, பட்டையை நெம்பிப் பார்க்க வேண்டும். அடியில் ஈரமாக வழுக்கிக்கொண்டு எழுந்தால் பட்டை உரிய ஏற்ற நேரம். நார்நாராகப் பிய்ந்து, மரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் மரம் வறட்சியில் இருக்கிறது. மழை பெய்து மரம் புதுத் துளிர் விடும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருப்பது நல்லது.

வெட்டுகிறவர்கள் ஒரு கூட்டமாகவும், உரிப்பவர்கள் பின்னாலேயே ஒரு கூட்டமாகவும் வர வேண்டும். அன்று வெட்டியதை அன்றே உரிப்பது உத்தமம். தவறினால் மறுநாள் காலைக்குள். கோடை வெயிலில் மறுநாள் என்பதே தாமதம்தான்.

உரிக்கும் வேகத்துக்கு ஏற்பத்தான் வெட்ட வேண்டும். மோட்டார் ரம்பம் இருக்கிறது என்று ஒரே நாளில் இரண்டு ஏக்கரைச் சாய்த்துவிட்டு, உரிக்க ஆள் தேடினால் பலன் கிடைக்காது.

தவிர்க்க முடியாமல் கட்டை தங்கிவிட்டால், வெயிலில் பரப்பிப் போடாமல் நிழலில் நெருக்கமாக அடுக்கி, ஈரச் சாக்கோ தழையோ போட்டு மூடி வைக்கலாம். ஒரு நாள் அவகாசம் கிடைக்கும்.

உரித்து விற்பதா, பட்டையோடு விற்பதா?

காகித ஆலைக்கு ஏன் பட்டை ஆகாது என்பதைத் தெரிந்துகொண்டால் விலைப் பேச்சு சுலபமாகும். பட்டையில் காகிதத்துக்கு உதவும் நார் குறைவு. கூழ் காய்ச்சும்போது ரசாயனம் அதிகம் செலவாகும். காகிதத்தில் கறுப்புப் புள்ளி விழும். பட்டையில் ஒட்டியிருக்கும் மண், சில்லு வெட்டும் கத்தியை மழுங்கடிக்கும். அதனால்தான் விலையில் வித்தியாசம் வைக்கிறார்கள். வித்தியாசம் நியாயமானதா என்பதுதான் கேள்வி.

தைலமரத்தில் பட்டை, கட்டையின் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் வரை இருக்கும். நுனிக்கட்டையிலும் மெல்லிய கட்டையிலும் விகிதம் கூடும். சொந்தத் தோட்டத்து அளவைத் தெரிந்துகொள்ள, தடித்ததும் மெலிந்ததுமாக ஐந்து கட்டைகளை எடுத்து, பட்டையோடு எடை போட்டு, உரித்துவிட்டு மறுபடி எடை போட்டால் போதும்.

இப்போது ஒரு கணக்கு. இதில் வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல. பட்டையோடு ஒரு டன் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 டன்னுக்கு 50,000 ரூபாய். பட்டை 12 சதவிகிதம் என்றால், உரித்தபின் 8.8 டன் மிஞ்சும். அதே 50,000 ரூபாய் கிடைக்க, உரித்த கட்டைக்கு டன்னுக்கு 5,682 ரூபாய் கிடைக்க வேண்டும். உரிக்கும் கூலி டன்னுக்கு 500 ரூபாய் என்றால், 8.8 டன்னுக்கு 4,400 ரூபாய். அதையும் சேர்த்தால், 6,182 ரூபாய்க்கு மேல் கிடைத்தால்தான் உரித்து விற்பதில் லாபம். வியாபாரி 5,900 ரூபாய் தருகிறேன் என்று சொன்னால், கேட்க அதிகம் போலத் தெரியும். கூலி போக 47,520 ரூபாய்தான் கையில் நிற்கும். பட்டையோடு கொடுத்திருந்தால் 2,480 ரூபாய் மிச்சம்.

இன்னொரு மறைமுக நஷ்டமும் உண்டு. பச்சைக் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். பட்டை இருக்கும்வரை அது மெதுவாகக் காயும். உரித்துவிட்டால் வேகமாகக் காயும். உரித்த 8.8 டன் கட்டை, லாரி வராமல் கிடந்து எடையில் 10 சதவிகிதம் குறைந்தால், 7.92 டன்தான் எடைமேடைக்குப் போகும். டன்னுக்கு 6,182 ரூபாயே கிடைத்தாலும், கூலி போகக் கையில் நிற்பது சுமார் 44,560 ரூபாய். ஆகவே, உரிப்பதற்கு முன்பே லாரியை உறுதி செய்துகொள்ள வேண்டும். உரித்த மறுநாள் எடைமேடையில் ஏறிவிட வேண்டும். எப்போது வரும் என்று தெரியாத லாரிக்காகக் கட்டையை உரித்துப் போடுவதைவிட, பட்டையோடு கொடுப்பதே மேல்.

தமிழ்நாட்டில் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும், பள்ளிபாளையத்தில் உள்ள சேஷசாயி காகித ஆலையும் விவசாயிகள் வளர்க்கும் தைலமரத்தையும் சவுக்கையும் வாங்குகின்றன. வியாபாரியிடம் பேசுவதற்கு முன், ஆலையின் மரக் கொள்முதல் பிரிவில் பட்டையோடு என்ன விலை, உரித்து என்ன விலை, போக்குவரத்துச் செலவு யாருடையது என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்று எண்களும் சொந்தப் பட்டை விகிதமும் கையில் இருந்தால், வியாபாரி குறைக்கும் தொகை சரியா, தவறா என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

பட்டையை எரிக்க வேண்டாம்

உரித்து விற்பதில் எடைமேடையில் தெரியாத ஒரு லாபமும் இருக்கிறது. தைலமரம் மண்ணிலிருந்து எடுக்கும் சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், பெரும்பங்கு பட்டையில்தான் சேர்ந்திருக்கிறது. பட்டையோடு லாரி ஏற்றினால் அந்தச் சத்தும் சேர்ந்து ஏறிப் போய்விடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படியே போனால் நிலம் தேயும். தோட்டத்திலேயே உரித்து, அங்கேயே பரப்பினால் அது மண்ணுக்குத் திரும்பும். பிரேசிலில் பட்டையை வயலிலேயே விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், குவித்து வைத்து எரிக்கக் கூடாது. வரிசைகளுக்கு நடுவே மெல்லிய மூடாக்காகப் பரப்ப வேண்டும். மண்ணோடு சேர்த்து உழவும் கூடாது. மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அது கொஞ்ச காலம் பிடித்துவைத்துக்கொள்ளும். காய்கறி நாற்றங்காலிலோ புதிதாக விதைத்த நிலத்திலோ பச்சைப் பட்டையையும் தழையையும் போட வேண்டாம். முளைப்பு பாதிக்கும். கோடையில் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால், வேலியோரத்திலும் பாதையோரத்திலும் பட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிக்கக் கூடாத பட்டை

கடைசியாக, உரிக்கவே கூடாத பட்டை ஒன்று இருக்கிறது. அது அடிக்கட்டையில் இருக்கும் பட்டை. தைலமரத்தில் மறுதாம்பு விடுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மறுதாம்புத் துளிர், அடிக்கட்டையின் பட்டையை ஒட்டி உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகளிலிருந்துதான் வருகிறது. பட்டை சுலபமாக உரியும் ஈரப் பருவத்தில் வெட்டும்போது, மரம் சாயும் வேகத்தில் அடிக்கட்டையின் பட்டையும் சேர்ந்து கிழிந்து வந்துவிடலாம். அந்தப் பக்கம் துளிர் வராது.

தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், மழைநீர் தேங்காதபடி சற்றுச் சரிவாக, கூர்மையான ரம்பத்தால் வெட்ட வேண்டும். மரம் சாயும் பக்கம் முதலில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் அறுத்தால் பட்டை கிழியாது. கட்டையை உரிக்கும் வேலையை அடிக்கட்டையிலிருந்து தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். வண்டி ஏறி அடிக்கட்டைப் பட்டை நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ‘‘கட்டையைச் சுழற்றிப் பட்டை உரிக்கும் சின்ன எந்திரம் விற்பனைக்கு இருக்கிறதாமே, அதை வாங்கலாமா?’’

- வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: பல் வைத்த இரண்டு உருளைகள் மேல் கட்டையை உருட்டிப் பட்டையைக் கழற்றும் எந்திரங்கள் இருக்கின்றன. டீசல் இன்ஜினிலோ, மோட்டாரிலோ ஓடும். தண்ணீர் தேவையில்லை. ஆனால், இதிலும் அதே விதிதான். பச்சைக் கட்டை நன்றாக உரியும், காய்ந்த கட்டை திணறும். வளைந்த கட்டையில் பள்ளமான இடங்களில் பட்டை தங்கிவிடும். தைலமரப் பட்டை நீளமான நாராக உரிவதால் உருளையின் அச்சில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்கும்போது எந்திரத்தை நிறுத்தாமல் கையை விடக் கூடாது. சேலை, துண்டு, கைலி முனை எதுவும் எந்திரத்தின் அருகே தொங்கக் கூடாது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சில நாள்கள் மட்டும் ஓடப்போகும் எந்திரத்தை ஒரு குடும்பம் தனியாக வாங்கினால் முதல் திரும்பாது. பக்கத்து ஊர்களில் தைலமரம் வைத்திருப்பவர்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து வாங்கி, ஒவ்வொருவர் தோட்டமாக வெட்டு முறை வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். அப்போதும், பணம் கட்டுவதற்கு முன் சொந்தத் தோட்டத்துக் கட்டையை அன்று காலையில் வெட்டிக் கொண்டுபோய், கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வளைந்த கட்டை இரண்டும், முந்தைய வாரம் வெட்டிய கட்டை இரண்டும் கூடவே கொண்டுபோக வேண்டும். எந்திரத்தின் குறை நிறை அந்த நாலு கட்டையிலேயே தெரிந்துவிடும்.